தொப்புள்கொடிக்கு ஒரு இ.எம்.ஐ.

போன ஞாயிறு நொய்டாவிலிருந்து மச்சினன் போன். அவன் மனைவிக்கு எட்டாம் மாசம். "அத்தான், ஸ்கேன் எடுக்கப் போன இடத்துல ஒருத்தர் வந்து பேசினார். தொப்புள்கொடி ரத்தத்துல ஸ்டெம் செல் இருக்காம், சேத்து வெச்சா பின்னாடி எந்த வியாதி வந்தாலும் கவலையில்லையாம். இ.எம்.ஐ. கூட உண்டு. கட்டிரவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூத்தவள் பிறந்தப்போ இதே புனேயில் நானும் கட்டினவன்தான். திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்து சேரவே ஒன்றரை நாள் ரயில். பக்கத்தில் யோசனை கேட்க ஒரு பெரியவர் கிடையாது. அந்த நேரம் பார்த்து டை கட்டின ஒருத்தர், "குழந்தைக்காக இதுகூடச் செய்ய மாட்டீங்களா சார்?" என்று கேட்டால் எந்த அப்பன் மாட்டேன் என்பான்? விற்கிறவர்களுக்கு நம்மை நன்றாகத் தெரியும்.

பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம்தான் படித்தேன் (நம்ம புத்தி அப்படி!). விஷயம் பொய்யில்லை. 1988-ல் பாரிஸில் எலியான் குளுக்மேன் குழுவினர், ஃபான்கோனி ரத்தசோகை இருந்த ஒரு பையனுக்கு முதன்முதலாகத் தொப்புள்கொடி ரத்தம் செலுத்திப் பிழைக்க வைத்தார்கள். ஆனால் அது அவனுடைய ரத்தம் இல்லைங்க, புதிதாகப் பிறந்த தங்கையுடையது! தலசீமியா மாதிரி மரபணுவில் வருகிற நோய் என்றால், சேமித்து வைத்த சொந்த செல்லிலும் அதே கோளாறுதானே இருக்கும்? ரத்தப் புற்றுநோய்க்கும் அதன் விதை பிறக்கும்போதே அந்த ரத்தத்தில் இருந்திருக்கலாம். பிற்காலத்தில் தனக்கே பயன்படும் என்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. வண்ண வண்ண பிரசுரத்தில் அது மட்டும் இருக்காது.

என்னை உறுத்துவது பணம்கூட இல்லை. அந்த ரத்தம் குழந்தையுடையது. கொடியை உடனே வெட்டாமல் 1 முதல் 3 நிமிடம் பொறுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குள் நல்ல ரத்தம் பிள்ளை உடம்புக்குப் போய், பல மாதத்துக்கு இரும்புச்சத்து கிடைக்கிறது. பொறுத்தால் பைக்குக் கிடைப்பது குறையும். ரத்தசோகை இத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிற நாட்டில், வாயில் போக வேண்டியதை ஃப்ரீசரில் வைக்கிற கதை!

வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்குத் தலசீமியா மாதிரி நோய் இருந்தால் கதை வேறு. அப்போது அடுத்த குழந்தையின் ரத்தத்தைச் சேமிப்பது நியாயம், டாக்டரே சொல்வார்.

ஏதாவது செய்தே ஆகணும் என்றால், 2009-ல் சென்னையில் தொடங்கின தாத்ரி மாதிரி கொடையாளர் பதிவேட்டில் நாமே பெயர் கொடுக்கலாம். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் ஒரு தடவல், அவ்வளவுதான். முன்பின் தெரியாத யாருக்கோ பொருந்தலாம்.

இதையெல்லாம் சொன்னேன். "சரி அத்தான், கட்டலை. நீங்க கட்டினது?" என்றான்.

21 வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டியாச்சு. தங்கமணி காதில் விழாமல் போனை வைத்தேன்.