ஒலிப்பெட்டி பேசாவிட்டால்...

மின்சாரம் போனால் நம் கரிசல் கிராமக் கடைகளில் சிக்னலும் தள்ளாடுகிறது. "பணம் போய்விட்டது அண்ணாச்சி" என்கிறார் வாடிக்கையாளர். நம் ஒலிப்பெட்டியோ வாய் திறப்பதில்லை. இருவரும் பொய் சொல்லவில்லை. இடையில் செய்தி தவறிவிட்டது. பாதை மோசமென்றால் அதற்கேற்ற வண்டியைத்தான் பூட்ட வேண்டும்.

எம்.கியூ.டி.டி. என்று ஒரு முறை உண்டு. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிக்க, 1999-ல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் இருவரும் வகுத்தது. அதில் மூன்று தரங்கள். முதலாவது, அனுப்பியதோடு சரி, சேர்ந்தால் சேர்ந்தது. இரண்டாவது, ஒப்புகை வரும்வரை திரும்ப அனுப்புவது. ஒரே செய்தி இருமுறை சேரவும் கூடும். மூன்றாவது, இருபுறமும் உறுதி செய்து ஒரே முறை சேர்ப்பது. இதற்குப் போக்குவரத்து அதிகம், நேரமும் கூடும்.

விருதுநகர் மண்டிக்கு 20 மூடை பருப்புக்கு எழுதிப் போட்டு, பதிலில்லையென்று மறுபடி எழுதினால் 40 மூடை வந்து இறங்கும். ஆர்டருக்கு எண் போட்டிருந்தால் மண்டிக்காரர் இரண்டாவதை ஒதுக்கிவிடுவார். ஆகவே, எண்ணிட்ட செய்தியை ஒப்புகை வரும்வரை அனுப்பும் இரண்டாம் தரமே நமக்குப் போதும் என்பது நமது கருத்து.

பில் போடும் மென்பொருள் விற்க வருபவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இணைப்பு அறுந்தால் பில் கடைக் கம்ப்யூட்டரிலேயே நிற்குமா? இணைப்பு வந்ததும் தானே போகுமா? ஒரே பில் இருமுறை ஏறாமல் தடுக்குமா? மூன்றுக்கும் 'ஆம்' என்று சொல்வதோடு விடாமல், இணைப்பைத் துண்டித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெட்டி பேசாததால் பணம் வரவில்லை என்றாகாது. வாடிக்கையாளர் செல்போனில் டிக் தெரிவதால் வந்துவிட்டது என்றும் ஆகாது. நம் கணக்கைப் பார்ப்பதே ஒப்புகை. பார்க்காமல் மறுபடி கட்டச் சொல்வது வம்பு. யு.பி.ஐ.யில் அவர் கணக்கில் பணம் பிடித்து, கடைக்கு உறுதி வராவிட்டால், ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் பிறப்பித்த உத்தரவுப்படி, மறுநாள் தொடங்கி 5 நாளுக்குள் அது அவருக்கே திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

தெரிந்த முகமானால் நோட்டில் குறித்துக்கொண்டு சரக்கைக் கொடுத்தனுப்பலாம். சிக்னல் இன்றில்லாவிட்டால் நாளை வரும். நாலு பேர் முன் தலைகுனிய வைத்த வாடிக்கையாளர் திரும்ப வரமாட்டார்.