இளம் விஞ்ஞானிக்கு யார் கொடுப்பது?



திருப்பூர் ராயபுரத்தின் தெருக்களில் ஒரு மாலைப் பொழுதில் நடந்து பாருங்கள். தையல் இயந்திரங்களின் ஓசை, துணி உருளைகளை ஏற்றிச் செல்லும் டெம்போக்கள், வாசலில் குவிந்து கிடக்கும் பனியன் வேஸ்ட் மூட்டைகள். அவற்றுள் ஒன்றின் வாய் அவிழ்ந்திருந்தால் சற்று நின்று கவனியுங்கள். சிவப்பு, மயில் நீலம், கறுப்பு, இலைப் பச்சை என்று எத்தனை நிறங்கள்! ஒவ்வொரு நிறமும் ஓர் இரசாயன வினையின் விளைவு. பள்ளியில் சோதனைக் குழாயில் நீங்கள் துளித் துளியாகச் செய்வது இந்த ஊரில் டன் கணக்கில் நடக்கிறது.

இவ்வளவு இரசாயனம் நடக்கிற ஊரில், அந்த இரசாயனத்தைப் பற்றி ஆராய விரும்பும் ஓர் இளம் விஞ்ஞானியின் கைக்கு ஊரின் லாபத்திலிருந்து எவ்வளவு போய்ச் சேருகிறது? இதைத்தான் இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். பணப் பேச்சு பெரியவர்கள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இன்னும் பதினைந்து ஆண்டுகளில் உங்களுள் சிலர் அந்த இளம் விஞ்ஞானியாக இருக்கப் போகிறீர்கள்.

முதலில் சாயப்பட்டறைக்குள் போய் வருவோம். பருத்திப் பனியனுக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயங்களையே பயன்படுத்துகிறார்கள். நீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பில் எதிர்மின்னேற்றம் உண்டு. சாய மூலக்கூறுக்கும் அதே எதிர்மின்னேற்றம்தான். ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. இந்த விலக்கத்தை அடக்குவதற்காக உப்பைக் கொட்டுகிறார்கள். ஆழ்ந்த நிறமென்றால் ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராமுக்கு மேலும் வேண்டியிருக்கும். கடல் நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான் இருக்கிறது! பிறகு சோடா உப்பைச் சேர்த்ததும் சாயம் இழையுடன் இரசாயனப் பிணைப்புக் கொள்கிறது. ஆனால் எல்லாச் சாயமும் அப்படிப் பிணைவதில்லை. ஒரு பகுதி, பருத்தியை விட்டுவிட்டுத் தண்ணீருடனேயே வினைபுரிந்து வீணாகிவிடுகிறது. உப்போ துணியில் தங்குவதே இல்லை. கழிவு நீரோடு போய்விடுகிறது.

அந்த நீர் பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்கென்று 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சாயக் கழிவைத் தேக்கும் குட்டையாகிப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையுடன் பின்னர் அவை திறந்தன. இப்பொழுது கழிவு நீரை நுண்சவ்வுகளின் வழியே அழுத்தி வடிக்கிறார்கள். எஞ்சியதை ஆவியாக்கி உப்பை மீட்கிறார்கள். இதற்கு ஆகும் எரிபொருளும் மின்சாரமும் கொஞ்சமல்ல. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பையும் சேற்றையும் என்ன செய்வது என்பது இன்னமும் தலைவலியாகவே இருக்கிறது.

இங்கே ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எம்.எஸ்ஸி., பி.எச்டி. எல்லாம் முடித்து, முப்பது வயதில் இந்த வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறாள். நொய்யல் ஆற்றுச் சேற்றில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றி அவளுக்கு ஒரு யோசனை. சாயங்களில் பலவற்றில் இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்து நிற்கும் 'அசோ' பிணைப்பு உண்டு. காற்றில்லாத சேற்றில் சில பாக்டீரியாக்கள் இந்தப் பிணைப்பை உடைத்து நிறத்தைப் போக்கிவிடும். நிறம் போனதே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. உடைந்த துண்டுகளான அமீன்களில் சில, சாயத்தைவிடத் தீங்கானவை. அவற்றையும் தின்று தீர்க்க, காற்றில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் வேண்டும். இரண்டு கூட்டத்தையும் ஒரே தொட்டியில், இத்தனை உப்புக்கு நடுவே, குடித்தனம் நடத்த வைக்க முடியுமா? இதுதான் அவளுடைய கேள்வி.

சம்பளம் அவளுக்கு வருகிறது. ஆனால் துண்டுகளைப் பிரித்தறியும் கருவிக்கும், இரசாயனப் பொருள்களுக்கும், கூட வேலை செய்யும் ஓர் ஆராய்ச்சி மாணவருக்கும் பணம் வேண்டும். மான்யம் கேட்டு விண்ணப்பிக்கிறாள். "இதுவரை என்ன முடிவுகள் கண்டீர்கள்?" என்று கேட்கிறார்கள். முடிவு காணத்தானே பணம் கேட்கிறாள்! அரசை நான் குறை சொல்லவில்லை. அது மக்கள் வரிப்பணம். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்க முடியாது, கணக்குக் கேட்கத்தான் வேண்டும். ஆகையால் அரசு மான்யம், ஏற்கெனவே ஓடிக் காட்டிய குதிரையின் பக்கமே சாய்வது இயல்பு. ஓடிக் காட்டாத குதிரையை நம்ப, தம் சொந்தப் பணத்தை இழக்கத் துணிந்த ஒருவர் வேண்டும். தனியார் அறக்கட்டளையின் வேலை அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மாக்ஸ் பெரூட்ஸ் என்ற ஆஸ்திரிய இளைஞர் 1936-ல் கேம்பிரிட்ஜுக்கு ஆராய்ச்சி மாணவராக வந்தார். இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின் மூலக்கூறின் அமைப்பை எக்ஸ் கதிர்களால் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. அக்காலத்தில் இம்முறையில் அமைப்புக் கண்டறியப்பட்ட மிகச் சிக்கலான கரிமப் பொருள் தாலோசயனின் என்ற சாயப்பொருள். (திருப்பூர்ப் பட்டறைகளில் மயில் நீலம் ஏற்ற அதன் உறவுக்காரச் சாயங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.) அதில் 58 அணுக்கள். ஹீமோகுளோபினிலோ ஏறக்குறைய 10,000! பைத்தியக்காரத்தனம் என்றே பலரும் நினைத்திருப்பார்கள். இதற்கிடையில் 1938-ல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தார். பெரூட்ஸின் பெற்றோர் அகதிகளானார்கள். வீட்டிலிருந்து வந்த பணம் நின்றது. பேராசிரியர் பிராக் அவருடைய எக்ஸ் கதிர்ப் படங்களைப் பார்த்துவிட்டு, ராக்பெல்லர் அறக்கட்டளைக்கு எழுதினார். 1939 ஜனவரியில் மான்யம் வந்தது. பெரூட்ஸுக்கு அப்போது வயது 24.

விடை எப்போது வந்தது தெரியுமா? அவர் தொடங்கி இருபதாண்டுகளுக்கு மேல் கழித்து, 1959-ல்! 1962-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் அவர் தலைமையில் மூலக்கூறு உயிரியல் ஆய்வுக்கூடம் திறக்கப்பட்டது. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், அமெரிக்காவில் வேலை செய்துகொண்டிருந்தபோது, எக்ஸ் கதிர்ப் படிகவியலைக் கற்றுக்கொள்ள 1991-ல் வந்தது இந்த ஆய்வுக்கூடத்துக்குத்தான். அந்த ஓராண்டுப் படிப்புக்கு உபகாரச் சம்பளம் கொடுத்ததும் ஒரு தனியார் அறக்கட்டளையே: மகனை இழந்த ஒரு தம்பதி அவன் நினைவாக நிறுவிய கக்கன்ஹைம் அறக்கட்டளை. அன்று கற்ற வித்தையால் ரைபோசோமின் அமைப்பைக் கண்டு, 2009-ல் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் அவர்.

வெளிநாட்டுக் கதைதானே என்று சொல்வீர்கள். நம் நாட்டுக் கதையும் உண்டு. எல்லாப்பிரகத சுப்பாராவ் என்ற ஆந்திர இளைஞர் சென்னையில் படித்தவர். மெட்ரிகுலேஷனில் இருமுறை தோற்று மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து தேறியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அங்கி அணிந்தார் என்பதற்காக முழுப் பட்டம் கிடைக்காமல் போனவர். எந்தத் தேர்வுக் குழுவாவது இவரைத் தேர்ந்தெடுத்திருக்குமா? 1923-ல் அவர் அமெரிக்கா போகக் கைகொடுத்தவை மாமனார் திரட்டிய பணமும், காக்கிநாடாவின் மல்லாடி சத்யலிங்க நாயக்கர் தர்மத்தின் உதவியும். ஹார்வர்டில் பகலில் படிப்பு, இரவில் மருத்துவமனையில் எடுபிடி வேலை. பின்னாளில் லெடர்லி கம்பெனியில் அவருடைய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அதைப்போலவே தோற்றம் காட்டிச் செல்லை ஏமாற்றும் மருந்துகளையும் தயாரித்தது. பாஸ்டனில் சிட்னி பார்பர் என்ற மருத்துவர், அவற்றுள் ஒன்றை இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேருக்கு நோய் தணிந்தது. தற்காலிகமாகத்தான் தணிந்தது என்றாலும், அதற்குமுன் எதுவுமே தணித்ததில்லை. 1948 ஜூனில் இச்செய்தி வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார். அந்த மருந்தின் உடன்பிறப்பான மெதோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறது.

இரத்தப் புற்றுநோய் என்றதும் பம்பாய் நினைவுக்கு வருகிறது. 1931-ல் அந்நோயால் இறந்த தம் மனைவி மெஹர்பாயின் நினைவாக சர் தோராப்ஜி டாட்டா 1932 ஏப்ரலில் ஓர் அறக்கட்டளை நிறுவினார். இரண்டு மாதத்தில் அவரும் இறந்துவிட்டார். லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை அன்றிலிருந்து பல நாடுகளின் ஆராய்ச்சியாளர்களுக்கு இந்நோயைப் பற்றி ஆராயப் பணம் கொடுத்து வருகிறது. இந்தியாவில் இளம் உயிரியல் ஆய்வாளர்களுக்கும் உதவுகிறது. யாருக்குக் கொடுப்பது என்பதை விஞ்ஞானிகள் குழு சொல்கிறது. இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கொங்கு நாட்டிலும் செட்டிநாட்டிலும் கொடைக்குப் பஞ்சமில்லை. அழகப்பச் செட்டியார் 15 லட்ச ரூபாயும் 300 ஏக்கர் நிலமும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடிக்கு வந்தது. நேரு 1948-ல் அதற்கு அடிக்கல் நாட்டினார். கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926-லிருந்து கல்விப் பணி செய்கிறது. 1956-ல் அதே ஊரில் பஞ்சாலைகள் முன்நின்று தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கின. இவையெல்லாம் பெருமைக்குரியவை, சந்தேகமில்லை. ஆனால் கவனித்தீர்களா, நம் கொடையாளிகளுக்குக் கட்டடம் பிடித்திருக்கிறது. கட்டடம் கண்ணுக்குத் தெரியும், கல்வெட்டு பதிக்கலாம், திறப்பு விழா நடத்தலாம். முப்பது வயதுப் பெண் ஒருத்தி ஐந்து வருடம் சேற்றைக் கிளறுவதற்குக் கொடுத்த பணத்துக்கு எங்கே கல்வெட்டு வைப்பது? 2008-ல் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளை நம் அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையுடன் சேர்ந்து இந்தியாவின் இளம் ஆய்வாளர்களுக்கு ஐந்தாண்டு உதவித் தொகை கொடுக்க முன்வந்தது. ஒரு மருந்துக் கம்பெனி முதலாளி 1936-ல் விட்டுப் போன உயிலின் பணம் அது. இலண்டனிலிருந்து வரும் பணம் ராயபுரத்திலிருந்து ஏன் வரக்கூடாது?

நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உற்பத்தியில் 0.64 சதவிகிதம்தான் (2020-21). 2023-ல் தேசிய ஆராய்ச்சி நிதியத்துக்கான சட்டம் வந்தபோது, ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று திட்டமிட்டார்கள். அதில் சுமார் 36,000 கோடி தொழில் துறையிடமிருந்தும் கொடையாளிகளிடமிருந்தும் வரவேண்டும் என்பது கணக்கு. மேலும், 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, ஆண்டுக்கு 5 கோடியும் அதற்கு மேலும் நிகர லாபம் காணும் கம்பெனி 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அரசுப் பல்கலைக் கழகங்களின் விஞ்ஞான ஆராய்ச்சிக்குக் கொடுத்தாலும் அது கணக்கில் சேரும். ஆகவே வழி இல்லாமல் இல்லை.

"சாயப்பட்டறைக்காரர் பணத்தில் சாயக் கழிவை ஆராய்ந்தால் அந்த ஆராய்ச்சி நேர்மையாக இருக்குமா?" என்று உங்களுள் ஒருவர் கேட்கக்கூடும். கேட்டால் அவரை நான் மிகவும் மெச்சுவேன். இந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. 1954-ல் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் சேர்ந்து, உண்மையைக் கண்டறியப் போவதாகப் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, ஓர் ஆராய்ச்சிக் குழுவை அமைத்தன. சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பற்றி மக்கள் மனத்தில் சந்தேகத்தை வளர்க்கவே அது பல்லாண்டு பயன்பட்டது. எனவே பணம் கொடுப்பவர் யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதிலும், என்ன முடிவை வெளியிடுவது என்பதிலும் தலையிடக் கூடாது. தேர்வு வெளியூர் விஞ்ஞானிகளின் கையில் இருக்க வேண்டும். முடிவு கசப்பானாலும் அச்சேற வேண்டும். தோராப்ஜி டாட்டாவின் அறக்கட்டளை செய்ததைப் போலத்தான். இதற்குச் சம்மதிக்காத பணம் எவ்வளவு பெரிதானாலும் வேண்டாம் என்பேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தகைய உதவிகள் பெரும்பாலும் பெங்களூர், பம்பாய், ஐதராபாத் போன்ற இடங்களின் பெரிய நிலையங்களுக்கே போய்ச் சேருகின்றன. அங்கே நல்ல கருவிகளும், விண்ணப்பம் எழுதிப் பழகிய மூத்தவர்களும் இருக்கிறார்கள். சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியிலோ எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரியிலோ பணியாற்றும் ஓர் இளம் ஆசிரியருக்கு அது எட்டாக் கனி. திருப்பூரில் ஒரு நிதி பிறக்குமானால் அது முதலில் இவர்களைத்தான் பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டே பேர் போதும். ஐந்தாண்டுக்குத் தொடர்ந்து கொடுக்க வேண்டும்; நடுவில் "என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று?" என்று கதவைத் தட்டக் கூடாது. பத்துப் பேரில் ஏழு பேருடைய முயற்சி பலிக்காமல் போகலாம் என்று தெரிந்தே கொடுக்க வேண்டும்.

உங்களில் சிலருடைய அப்பாவோ, பெரியப்பாவோ, மாமாவோ பனியன் கம்பெனியோ சாயப்பட்டறையோ நடத்துபவராக இருக்கலாம். இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். "அந்தப் பொண்ணு சேத்தைக் கிளர்றதுல எனக்கு என்ன லாபம் கண்ணு?" என்று கேட்பார். கேட்கட்டும். 2011-ல் பட்டறைகள் மூடிக் கிடந்த அந்த மாதங்களில் எத்தனை ஆர்டர் கைநழுவிப் போயிற்று, ஒரு நாளைக்கு எவ்வளவு நஷ்டம் ஆயிற்று என்று அவரையே கணக்குப் போடச் சொல்லுங்கள். அதில் ஒரே ஒரு நாள் நஷ்டத்தை இப்படி ஒரு நிதிக்குத் தருவாரா என்று அடுத்தபடி கேளுங்கள்.