ஓடுகிறவன் குற்றவாளியா?



காவலரைக் கண்டு ஓடுகிறவன் குற்றவாளிதான் என்று நம்மில் பலர் மிக எளிதாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். "தப்பு செய்யாதவன் ஏன் ஓட வேண்டும்?" என்ற கேள்வி காப்பிக் கடையிலும் கேட்கிறது, ஆசிரியர் அறையிலும் கேட்கிறது. மலேசியச் சட்டம் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறது என்று பார்ப்போமே!

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 15ஆவது பிரிவு கைது செய்யும் முறையைச் சொல்கிறது. ஒருவர் சொல்லாலோ செயலாலோ பணிந்துவிட்டால் அவர் மீது கைவைக்க வேண்டிய தேவையே இல்லை. வன்முறையாக எதிர்த்தால், அல்லது தப்ப முயன்றால், கைது செய்வதற்குத் தேவையான எல்லா வழிகளையும் காவலர் கையாளலாம். பலரும் இவ்விடத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகின்றனர். அடுத்த வரியை யார் படிக்கிறார்கள்? மரண தண்டனை போன்ற மிகக் கடும் தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் பறிக்க இப்பிரிவு உரிமை தரவில்லை என்று அங்கே தெளிவாக எழுதப்பட்டுள்ளது. சட்டப்படியான கைதை வேண்டுமென்றே எதிர்ப்பது தண்டனைச் சட்டத்தின் 224ஆவது பிரிவின்படி குற்றமே. அதற்குரிய தண்டனை ஈராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கிக் குண்டு அந்தப் பட்டியலில் இல்லை.

2010 ஏப்ரல் 26ஆம் நாள் பின்னிரவில் ஷா ஆலமில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உரிமம் இல்லாமல் தமக்கையின் காரை ஓட்டிச் சென்ற பள்ளி மாணவன் ஒருவன், காவலர்கள் துரத்தியபோது நிற்காமல் ஓட்டினான். சுட்டுக் கொல்லப்பட்டான். சுட்ட காவலருக்கு 2011இல் செஷன்ஸ் நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. 2012இல் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை ஓடியதற்கான காரணம் எந்த ஆசிரியருக்கும் விளங்கும். அந்த வயதில் வீட்டில் வாங்கப்போகும் ஏச்சே உலகின் மிகப் பெரிய அச்சம். மூன்று வயதிலிருந்தே "சாப்பிடாவிட்டால் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும்" என்று சோற்றோடு அச்சத்தையும் ஊட்டியவர்கள் நாம்தாமே!

இன்னொரு செய்தியும் உண்டு. இதைச் சொன்னால் பெற்றோர் சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு காவலர் நல்லெண்ணத்துடன் தம் பதவியின் பேரில் செய்யும் செயல், சட்டத்திற்குச் சற்றே பொருந்தாமல் போனாலும், அதனை எதிர்த்துத் தற்காப்புரிமை கோர முடியாது என்கிறது தண்டனைச் சட்டத்தின் 99ஆவது பிரிவு. உயிருக்கோ கொடுங்காயத்திற்கோ நியாயமான அச்சம் இருந்தால் மட்டுமே விலக்கு. அஃதாவது, தெருவில் வைத்து வழக்காடாதே, கையை இறக்கு என்று குடிமகனிடம் சட்டம் கேட்கிறது. நான் இதனை ஏற்கிறேன். நடுத்தெருவில் இரு தரப்பும் தத்தம் நியாயத்தைக் கைகலப்பால் நிலைநாட்டப் புகுந்தால் இழப்பு எளியவனுக்கே. ஆனால் கையை இறக்கச் சொன்ன சட்டம், பின்னர் அவனுடைய முறையீட்டுக்குக் காதுகொடுக்கவும் வேண்டும் அல்லவா?

நன்னெறிக் கல்வி வேளையில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைத்தான் சொல்லி வருகிறேன். ஓடாதே. கைகள் தெரியும்படி நில். என்ன காரணத்திற்காகக் கைது என்று பணிவாகக் கேள். குடும்பத்தாருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல வேண்டும் என்று கேள். 2007 முதல் நடப்பிலுள்ள 28ஏ பிரிவு இந்த உரிமைகளைத் தருகிறது. "கேட்டால் அடிப்பார்களா, சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். "அடிக்கக் கூடாது" என்றேன். "அடிக்க மாட்டார்கள்" என்று சொல்ல எனக்கு நாவெழவில்லை.

2005இல் அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகளை முன்வைத்தது. காவல் துறை மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூலையில், ஓர் ஆணையம் செயல்படத் தொடங்கியது. ஆனால் தண்டிக்கும் அதிகாரம் அதற்கில்லை. பரிந்துரைக்க மட்டுமே முடியும். காவல் துறைத் தலைவரின் நிலையான ஆணைகளுக்கு உட்பட்ட செயல்களும் அதன் வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. நாடாளுமன்றம் முதலில் திருத்த வேண்டியது இந்த விலக்கைத்தான்.