ஒரே நோட்டு

திருப்பூரில் சின்னதாக பனியன் கம்பெனி நடத்தும் அண்ணன் மகன் கோபிக்கு வந்திருந்தான். "ஈ.ஆர்.பி. போடப் போறனுங்க அத்தை" என்றான். "அதென்ன கண்ணு, புதுப் பலகாரமா?" என்றேன்.

சிரித்துவிட்டு விளக்கினான். நூல் வாங்குகிறவருக்கு ஒரு நோட்டு, ஸ்டோருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. ஸ்டோரில் நூல் இருப்பது தெரியாமல் மறுபடி வாங்கிப் பணம் முடங்கிவிட்டது. வாரக் கூலி கொடுக்க அவன் மனைவியின் வளையல் அடகுக் கடைக்குப் போனதாம்!

ஈ.ஆர்.பி. என்பது எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் ஒரே நோட்டு. வந்த நூலை ஸ்டோரில் பதிந்ததுமே வாங்குகிறவருக்கும் தெரியும், கணக்கிலும் ஏறும். ஜெர்மனியில் ஐ.பி.எம். வேலையை விட்டு வந்த ஐந்து பேர் 1972-ல் ஆரம்பித்த எஸ்.ஏ.பி. கம்பெனி இதில் முன்னோடி. சென்னை ராம்கோ சிஸ்டம்ஸும் இதைத் தயாரிக்கிறது.

ஆனால் ஒன்று: ஓரிடத்தில் தப்பாகப் பதிந்தால் எல்லா இடத்திலும் தப்புத்தான். "முதலில் ஸ்டோரில் உள்ளதை ஒழுங்காக எண்ணு, கண்ணு. அப்புறம் மெஷினை நம்பு" என்றேன்.

நம் வீட்டில் மட்டும் என்ன வாழுகிறதாம்? பால் கணக்கு காலண்டரில், சீட்டுக் கணக்கு அவர் டைரியில், மளிகை என் தலையில்! இப்போது அடுக்களை அலமாரியில் ஒரே நோட்டு. வாங்குகிறவர் எழுத வேண்டும். நீங்களும் செய்து பாருங்களேன், சகோதரிகளே! வளையல் வீட்டிலேயே இருக்கும்.