வளர்த்த கடா

போன செவ்வாய்க்கிழமை எங்கள் அலுவலகத்தில் ஒரு பெண் பேப்பர் போட்டாள். எட்டு வருடம் எங்களோடு இருந்தவள். பணம் செலுத்தும் பகுதியில் நள்ளிரவு எத்தனை மணிக்குக் கோளாறு வந்தாலும் முதல் போன் அவளுக்குத்தான் போகும். வேறொரு நிறுவனத்தில் இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கிறது, போகிறாள். அன்று மாலையே இருபது பேர் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் மேலாளர் அவளைப் பார்த்துச் சொன்னார்: "வளர்த்த கடா மார்ல பாயும்னு எங்க பாட்டி சொல்வாங்க. இன்னிக்குத்தான் அர்த்தம் புரியுது." சிலர் சிரித்தார்கள். அவள் லேப்டாப்பை மூடிவிட்டுக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். நானும் அங்கேதான் இருந்தேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று பேசாததை இன்று பேசுகிறேன்.

முதலில் அந்தக் கடா. கடாவை எதற்கு வளர்க்கிறார்கள்? தழை போட்டு, தண்ணீர் காட்டி, கழுத்தில் மணி கட்டி வளர்ப்பதெல்லாம் திருவிழா அன்று வெட்டத்தான். அது பாய்ந்தால் பிழைத்துக்கொள்ளப் பாய்கிறது. இந்தப் பழமொழியை நன்றிகெட்டதனத்துக்கு உதாரணமாகச் சொல்கிறவர்கள், தங்களை அறியாமலே உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள்.

திறமையான பொறியாளர் ஒருவர் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்குப் போனால் அது துரோகம் என்ற நம்பிக்கை நம்மிடையே எவ்வளவு ஆழமாக ஊறிக் கிடக்கிறது! பெண் பார்க்கப் போன இடத்தில், "பையன் அஞ்சு வருஷத்துல மூணு கம்பெனி மாறிட்டானாமே" என்று குடிப்பழக்கத்தை விசாரிக்கிற குரலில் விசாரிக்கிறார்கள். இவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். கைடோ வான் ராசம் துரோகியா?

பைத்தான் மொழியை உருவாக்கியவர் அவர். இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பைத்தான். செயற்கை நுண்ணறிவு என்று ஊரே பேசுகிறதே, அதில் பெரும்பகுதி எழுதப்படும் பைத்தான். 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆம்ஸ்டர்டாமில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் இருந்தபோது எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் வெளியிட்டார். 1995-இல் அந்த வேலையை விட்டு அமெரிக்கா போனார். அங்கேயும் ஓரிடத்தில் நிற்கவில்லை. 2000-இல் மட்டும் இரண்டு முறை இடம் மாறினார். 2005 கடைசியில் கூகுளில் சேர்ந்தார். அவருடைய வேலை நேரத்தில் பாதியைப் பைத்தானுக்கே கொடுத்தது கூகுள். இதைவிட நன்றாக யார் வைத்துக்கொள்வார்கள்? அப்படி வைத்துக்கொண்ட கூகுளையும் ஏழு வருடம் கழித்து விட்டுவிட்டு, 2013 ஜனவரியில் டிராப்பாக்ஸ் என்ற சின்னக் கம்பெனிக்குப் போனார். நம் மேலாளர் கணக்கில் இவரைவிடப் பெரிய கடா உலகத்தில் இருக்க முடியாது.

அந்தக் கடா பாய்ந்ததில் என்ன நடந்தது? டிராப்பாக்ஸின் மென்பொருள் பெரும்பாலும் பைத்தானிலேயே எழுதப்பட்டு மலைபோல் வளர்ந்திருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தினால் எங்கே உடையும் என்று தெரியாத நிலை. அந்த வலியைப் பக்கத்தில் இருந்து பார்த்த பிறகுதான், எந்த இடத்தில் எண் வரும், எந்த இடத்தில் எழுத்து வரும் என்று முன்கூட்டியே குறித்துச் சோதிக்கும் முறைக்கு அவர் முழுமூச்சாக உழைத்தார். 2015-இல் வந்த பைத்தான் 3.5 பதிப்பில் அது சேர்ந்தது. 2019-க்குள் டிராப்பாக்ஸ் 40 லட்சம் வரிகளை அப்படிச் சோதித்து முடித்திருந்தது. அந்த முறை இன்று எல்லாருக்கும் சொந்தம். கூகுளில் பைத்தான் எழுதுகிறவர்களும் அதைப் பயன்படுத்துகிறார்கள். அவர் கூகுள் நாற்காலியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் இது இத்தனை சீக்கிரம் நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். ஊர் மாறினால்தான் வேறு ஊரின் தண்ணீர்க் கஷ்டம் தெரியும்.

2019 அக்டோபரில் ஓய்வு பெற்றார். வீட்டில் இருக்கப் பிடிக்காமல் 2020 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்தார். மறுபடியும் இன்னொரு கம்பெனி! அங்கே ஒரு குழு சேர்ந்து மொழியையே வேகப்படுத்தியது. 2022 அக்டோபரில் வந்த 3.11 பதிப்பு, முந்தையதைவிடச் சராசரியாக 25 சதவீதம் வேகம். கைடோ கம்பெனி மாற மாற பைத்தான் வளர்ந்துதான் வந்திருக்கிறது. ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதுதான் விசுவாசம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

அந்தக் குழுவின் கதை அதோடு முடியவில்லை. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட் சுமார் 6,000 பேரை வீட்டுக்கு அனுப்பியது. பைத்தானை வேகப்படுத்திய குழுவைச் சேர்ந்த சிலரும் அதில் இருந்தார்கள். மொழியின் மையத்தில் பல வருடம் உழைத்தவர்கள். அன்று யாராவது அந்தக் கம்பெனியைப் பார்த்து நன்றி கெட்டது என்றார்களா? செலவுக் குறைப்பு என்றார்கள், மறுசீரமைப்பு என்றார்கள். கம்பெனி ஆளை விட்டால் வியாபாரம், ஆள் கம்பெனியை விட்டால் துரோகம். இந்தத் தராசை யார் செய்து கொடுத்தது?

யார் செய்தது என்பதற்கு நீதிமன்றத்திலேயே சாட்சி இருக்கிறது. ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி முதலான நிறுவனங்கள் ஒருவர் ஆளை ஒருவர் கூப்பிட்டு வேலை தருவதில்லை என்று தங்களுக்குள் ரகசியமாகப் பேசி வைத்திருந்தன. 2007-இல் கூகுளின் ஆள்சேர்ப்புப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் ஆப்பிள் பொறியாளர் ஒருவரை அணுகிவிட்டார். ஸ்டீவ் ஜாப்ஸ், கூகுளின் தலைவராக இருந்த எரிக் ஷ்மிட்டுக்குப் புகார் எழுதினார். அந்த ஊழியரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையை விட்டு நீக்குவதாகக் கூகுளில் முடிவானது. தகவல் கிடைத்த ஜாப்ஸ் அதைத் தன் ஆட்களுக்கு அனுப்பினார், ஒரு சிரிப்புக் குறியோடு. ஒருவருடைய பிழைப்பு போனதற்குச் சிரிப்புக் குறி! பின்னால் சுமார் 64,000 ஊழியர்கள் சார்பில் வழக்கு நடந்தது. நிறுவனங்கள் முதலில் தர முன்வந்த தொகை போதாது என்று நீதிபதி திருப்பி அனுப்பினார். கடைசியில் 2015-இல் 41.5 கோடி டாலருக்குத் தீர்ந்தது. நிலைத்து நிற்க வேண்டும் என்ற உபதேசத்துக்குப் பின்னால் இருந்தது சம்பளத்தை ஏறவிடாமல் பிடித்து வைக்கும் கணக்கு.

எங்கள் ஊரில் அந்த ரகசிய ஒப்பந்தமே தேவையில்லை. மூன்று மாத நோட்டீஸ் பீரியட் போதும். புதுக் கம்பெனி, "முப்பது நாள்ல வர முடியுமா?" என்று கேட்கும். பழைய கம்பெனி தொண்ணூறு நாளும் இருந்தால்தான் ரிலீவிங் லெட்டர் என்று சொல்லும். நடுவில் பலருக்கு வேலை கைநழுவிப் போயிருக்கிறது. இத்தனைக்கும், வேலையை விட்ட பிறகு இன்ன இடத்தில் சேரக்கூடாது என்று ஒருவரைக் கட்டிப்போடும் ஒப்பந்தம் செல்லாது என்பதற்கு 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே இருக்கிறது. கலிபோர்னியாவும் அதே 1872-இல்தான் அப்படி ஒரு சட்டம் போட்டது. அவர்கள் அதை நம்பி சிலிக்கான் பள்ளத்தாக்கை வளர்த்தார்கள். நாம் பாட்டி சொன்ன பழமொழியை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பிட்டது யார்? மாதம் முழுக்க வேலை வாங்கிவிட்டு மாதக் கடைசியில் தருவது கூலி. அதை விருந்தாகப் பேசுவது அநியாயம். என் அப்பா 34 வருடம் ஒரே அரசு அலுவலகத்தில் இருந்தார். அந்த விசுவாசத்தை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அது இரண்டு பக்கமும் இருந்தது. அவர் போன பிறகும் குடும்ப ஓய்வூதியம் அம்மா கணக்கில் மாதம் தவறாமல் விழுகிறது. எங்கள் அலுவலகத்தில் எட்டு வருடம் இருந்த இந்தப் பெண்ணைவிட, போன வருடம் வெளியிலிருந்து வந்த, நான்கு வருட அனுபவமுள்ள பையனுக்குச் சம்பளம் அதிகம். நிலைத்து நின்றதற்கு அவளுக்குக் கிடைத்த பரிசு அது.

சுந்தர் பிச்சையின் படத்தைப் போட்டுப் பெருமைப்படாத தமிழ்ப் பத்திரிகை உண்டா? கூகுளுக்கு வருமுன் அவர் அப்ளைடு மெட்டீரியல்ஸில் இருந்தார், மெக்கின்ஸியில் இருந்தார். இரண்டையும் விட்டுவிட்டுத்தான் 2004-இல் கூகுள் போனார். அவரை மேடையேற்றும் அதே வாய்தான் பக்கத்து நாற்காலிப் பெண்ணைக் கடா என்கிறது. கைடோவை விடுங்கள், பிச்சையையாவது ஒரு முறை நினைத்திருக்கலாம்.

அவளுக்கு இன்னும் எண்பத்துநாலு நாள் பாக்கி. தனக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்து ஒப்படைக்கும் கே.டி.யை நேற்று ஆரம்பித்தாள். எந்த இடத்தில் எந்தக் கோளாறு வரும், நள்ளிரவில் வந்தால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் படம் போட்டு எழுதி வருகிறாள். அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் அவளுக்கு எதிரே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நானும் போய் உட்கார்ந்தேன். "அன்னிக்கு நான் பேசியிருக்கணும்மா" என்றேன். "பரவாயில்ல சார், மொதல்ல இதைக் கவனிங்க" என்று திரையைக் காட்டினாள்.