கணனி கண் திறக்காவிட்டால்...



2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமையை மறந்திருக்கமாட்டீர்கள். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடு முழுவதும் கரண்ட் போன நாள் அது. கண்டியிலும் பல மணி நேரம் கரண்ட் இருக்கவில்லை. வந்ததும் எங்கள் அடுத்த வீட்டு ராத்தா கணனியைப் போட்டார். விசிறி சுற்றியது. கறுப்புத் திரையில் இரண்டு வரி எழுத்து வந்தது. அதோடு நின்றுவிட்டது.

மறுநாள் மகன் அதை டவுனில் ஒரு கடையில் கொடுத்தார். இரண்டு நாளில் கணனி நன்றாக வேலை செய்து வீடு வந்தது. ஆனால் உள்ளே ஒன்றுமில்லை. மர்ஹூமான கணவரின் படங்கள், மகளின் நிக்காஹ் படங்கள், ஆறு வருடத் தையல் கணக்கு எல்லாம் போய்விட்டன. கேட்டதற்கு, "போர்மட் பண்ணித்தான் தந்தோம். உள்ளே படம் இருக்கென்று நீங்கள் சொல்லவில்லையே" என்றார்களாம்.

சகோதரிகளே, கணனி கிளம்பாதது இயந்திரத்தின் நோய். அதற்குள் இருப்பது நம் வீட்டுச் சொத்து. நோயைப் பார்க்கப் போய்ச் சொத்தை இழக்கக் கூடாது. கடைக்குத் தூக்குமுன் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

வெளிச்சமே இல்லையா?

பட்டனை அழுத்தியும் வெளிச்சமோ சத்தமோ இல்லையென்றால் முதலில் சுவரைப் பாருங்கள். அதே பிளக்கில் மேசை விளக்கைச் செருகினால் கரண்ட் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எக்ஸ்டென்ஷன் கோட்டை விட்டுவிட்டு நேரே சுவரில் கொடுத்துப் பாருங்கள். பெட்டியின் பின்பக்கத்தில் வயர் செருகும் இடத்தருகே ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். வீடு கூட்டும்போது அது அணைந்துபோவதுண்டு. இவையெல்லாம் சரியாக இருந்தும் அசையாவிட்டால் பவர் சப்ளை பழுதாகியிருக்கலாம். அந்தத் தகரப் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். கரண்டைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். கணனியைப் போடும்போதெல்லாம் ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் மறுபடி மறுபடி தூக்கிப் பார்க்காமல் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

சத்தம் உண்டு, படம் இல்லையா?

மொனிட்டரின் வயரைக் கழற்றி இறுக்கமாகச் செருகுங்கள். அப்படியும் திரை கறுப்பாகவே இருந்து, "பீப், பீப்" என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் மெமரித் துண்டுதான் காரணம். மழையும் பனியும் மாறி மாறி வரும் நம் மலைப்பக்கத்தில் அதன் செப்புக் கால்களில் ஈரமும் தூசியும் படிந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பட்டனைப் பத்து வினாடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் வெறும் தகரத்தை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள். பிறகு மெமரியைக் கழற்றி, பிள்ளைகளின் பென்சில் அழிரப்பரால் கால்களை மெதுவாகத் தேய்த்து, "டக்" என்று உட்காரும்வரை திரும்பப் பொருத்துங்கள்.

எழுத்து வந்து நிற்கிறதா?

ராத்தாவுக்கு நடந்தது இதுதான். முதலில் பென் டிரைவ் ஏதும் செருகியிருந்தால் கழற்றிவிடுங்கள். அடுத்து, திரையில் திகதி பல வருடம் பின்னால் போயிருக்கிறதா என்று பாருங்கள். போயிருந்தால் உள்ளே இருக்கும் காசு போன்ற பெட்டரி தீர்ந்திருக்கும். பெரும்பாலும் அது சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பெட்டரி. பிளக் சுவரில் இருக்கும்வரை குறை வெளியே தெரியாது. கரண்ட் பல மணி நேரம் போனால்தான் கணனி தன் அமைப்புகளை மறந்து, எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்புவது என்று தெரியாமல் நிற்கும். பழைய பெட்டரியை உடனே அப்புறப்படுத்துங்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே தொண்டைக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும்.

விண்டோஸ் சின்னம் வந்தபின் நின்றால், சின்னம் தோன்றும்போது பட்டனை அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் பழுது பார்க்கும் நீலத் திரை தானாக வரும். அதில் 'ஸ்டார்ட்டப் ரிப்பேர்' என்பதை முதலில் பாருங்கள். 'ரீசெட்' வரை போக நேர்ந்தால் 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதையே தெரிவுசெய்யுங்கள். 2024 ஜூலை 19ஆம் திகதி ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான கோப்பினால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் கணனிகள் கிளம்பாமல் நின்றன. அந்த ஒரு கோப்பை நீக்கியதும் அவை எழுந்தன. டிஸ்க்கைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து "டக்... டக்..." என்று சத்தம் வந்தால் அந்த நிமிடமே அணைத்துவிடுங்கள். போடப் போட உள்ளிருப்பது அழியும். அக்குறணையில் பிங்கா ஓயா பெருகும் நாட்களில் நனைந்த கணனிக்கும் இதே விதிதான். போட்டுப் பார்க்கவே வேண்டாம்.

கடைக்குக் கொடுக்குமுன்

கரண்டே வராத கணனியைக் கொடுப்பதென்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வயரும் நாலு ஸ்க்ரூவும்தான். பவர் சப்ளையைச் சோதிக்க டிஸ்க் தேவையில்லை. நம் வீட்டுப் பெண்களின் படங்கள் அந்நியர் கண்ணில் படாமலிருக்கவும் இதுவே வழி. டிஸ்க்கையும் கொடுத்தாக வேண்டுமென்றால் வீட்டு ஆண் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். "கேட்காமல் போர்மட் செய்யக் கூடாது" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, கணனி நன்றாக இருக்கும்போதே படங்களை வேறொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து அலுமாரியில் வையுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமழைக்கு முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

ராத்தாவின் கதைக்கு ஒரு மிச்சம் உண்டு. ஒரு மாதம் கழித்து மறுபடி கரண்ட் போய் வந்தது. மறுபடி அதே இரண்டு வரி எழுத்து. இம்முறை மகன் திகதியைப் பார்த்தார், பெட்டரியை மாற்றினார், அமைப்பைச் சரிசெய்தார். கணனி எழுந்துவிட்டது.

"இவ்வளவுதானா மகன்?" என்று மட்டும் ராத்தா கேட்டார். அந்தப் படங்கள் திரும்ப வரவில்லை. உங்கள் வீட்டில் இருப்பதையாவது இன்றே பிரதி எடுத்துவிடுங்கள் சகோதரிகளே.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.