உடைத்தவர்களும் உயிர் கொடுத்தவர்களும்

இரண்டாவது உலக யுத்தத்தில் அமெரிக்கா மிக அதிகமாக உற்பத்தி செய்த குண்டுவீச்சு விமானம் ‘பி-24 லிபரேட்டர்’. ‘விடுதலை செய்பவன்’ என்பது இப்பெயரின் பொருள். 18,000க்கும் அதிகமாகச் செய்தார்கள். 1944ல் மிச்சிகன் மாகாணத்து வில்லோ ரன் ஆலையில் ஏறத்தாழ மணிக்கு ஒரு விமானம் வெளிவந்தது. ஆணும் பெண்ணுமாகப் பல்லாயிரம் தொழிலாளர்களின் உழைப்பு அது. பாசிசத்தை முறியடித்ததில் அவர்களுக்கும் பங்குண்டு. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் யுத்தம் கேட்ட விலை என்ன?

1943 ஆகஸ்ட் 1ந் தேதி, ஹிட்லர் படைக்கு எண்ணெய் கொடுத்துவந்த ருமேனியாவின் பிளோயெஷ்டி ஆலைகளைத் தாக்க, லிபியாவிலிருந்து 170க்கும் அதிகமான லிபரேட்டர்கள் புறப்பட்டன. 50க்கும் மேற்பட்டவை அழிந்தன. 300க்கும் அதிகமான வாலிபர்கள் மாண்டனர். எண்ணெய் ஆலைகளோ சில வாரங்களில் மீண்டும் ஓடின.

1944 ஆகஸ்ட் 23ந் தேதி, பஞ்சாலைகளுக்குப் பேர்போன லங்காஷயரில், வெள்ளோட்டம் விடப்பட்ட ஒரு லிபரேட்டர் புயலில் சிக்கி, பிரெக்கிள்டன் கிராமப் பள்ளிக்கூடத்தின் மீது விழுந்தது. இறந்தவர் 61 பேர். அவர்களில் 38 பேர் பள்ளிப் பிள்ளைகள். எதிரி ஒரு குண்டும் போடவில்லை. ஆயினும் ஏழைத் தாய்மார் வயிறு எரிந்தது.

யுத்தம் முடிந்தது. பிரிட்டிஷ் விமானப்படையிடம் இருந்த அமெரிக்க லிபரேட்டர்கள் பல கான்பூரில் நின்றன. கடன்-குத்தகை ஒப்பந்தப்படி வந்த அவற்றை வேறு யாரும் பயன்படுத்திவிடாதபடி சேதப்படுத்திப் போட்டுவிட்டுப் போனார்கள்! 1930களில் விலை சரியுமென்று பிரேசிலில் காப்பிக்கொட்டையை மலைமலையாக எரித்தார்களே, அதே புத்தி! மக்களுக்குப் பயன்படுவதைவிட நாசமாவது மேல் என்பதுதான் முதலாளித்துவத்தின் கணக்கு.

அந்தக் குப்பைமேட்டுக்கு 1948ல் சென்றவர்கள் யார்? பெங்களூர் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையின் ஆட்கள். பழுதானவற்றை ஓரளவு சீர்செய்து, பறக்கவிட்டே பெங்களூர் கொண்டுவந்தார்கள். அங்கே தொழிலாளர்கள் அவற்றை முழுவதும் புதுப்பித்தார்கள். 40க்கும் அதிகமான விமானங்கள் உயிர்பெற்றன! கடற்கரைக் காவலிலும் ஈடுபட்டு, 1968 வரை அவை பறந்தன. அவற்றில் ஒன்று 1974ல் பிரிட்டிஷ் விமானப்படை மியூசியத்துக்கே அன்பளிப்பாகச் சென்றது. உடைத்துப் போட்டவர்களின் வீட்டிலேயே நம் தொழிலாளியின் கைவேலை காட்சிப்பொருளாயிற்று!

தோழர்களே! “நம் ஆட்களுக்கு என்ன தெரியும்? பொதுத்துறையை விற்றுவிடு” என்று பேசுபவர்களுக்கு இதுவே பதில். பிறந்த தேசத்தின் சுதந்திரம் ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோதே, பிறர் நாசமாக்கிய யந்திரத்தைப் பறக்கவைத்த வர்க்கம் இது.

இதே கைகளால் டிராக்டர் செய்யலாம், தறி செய்யலாம், தண்ணீர் இறைக்கும் பம்பு செய்யலாம். பள்ளிப் பிள்ளைகளின் தலைமேல் இடி விழாத உலகத்தையும் செய்யலாம். அதற்குத் தேவை சமாதானம். தொழிற்சாலை மக்கள் சொத்தாக இருப்பது தேவை. இவ்விரண்டையும் காக்க ஆலையும் வயலும் ஒன்றுபட்டு நிற்கட்டும்!